மேடை இருக்கிறது, பீரியட் எங்கே?

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், அரசுப் பள்ளி மாணவர்களின் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘கல்வியும் கலையும்’ என்று என் தலைப்பை அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் மூன்று மணி நேரம் பேசலாம், ஒன்றுமே சொல்லாமல். அதனால் நான் அதைச் சுருக்கிக்கொள்கிறேன். எங்கள் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் கால அட்டவணையில், வியாழக்கிழமை ஏழாவது பீரியட். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அந்தக் கட்டத்துக்குள் ‘ஓவியம்’ என்று எழுதியிருந்தது. என் மகள் அந்த வகுப்பில் படித்த வருடம், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அவளுடைய டிராயிங் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு மாங்காய். பாதிக்குப் பச்சை அடித்திருந்தாள், மீதி பென்சில் கோடு. அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. “மத்த வியாழக்கிழமையெல்லாம் என்னம்மா செஞ்சீங்க?” என்றேன். “கணக்கு சார் வந்துடுவாருப்பா” என்றாள், மழை வந்துவிடும் என்பதைச் சொல்வதுபோல.

கணக்கு சார் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் நல்ல மனிதர். மாவட்ட அளவில் தேர்ச்சி விழுக்காடு ஆய்வுக் கூட்டம் நடக்கும்போது எழுப்பி நிறுத்தப்படுகிறவர் அவர்தான். ‘உங்கள் பாடத்தில் ஏன் இத்தனை பேர் ஃபெயில்?’ என்று அவரைக் கேட்பார்கள். ‘உங்கள் பள்ளியில் ஏன் இத்தனை பேருக்கு ஒரு கோடு இழுக்கத் தெரியவில்லை?’ என்று யாரையும் யாரும் கேட்டதில்லை. கேள்வி எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் பீரியடும் சாயும். ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிற காலம் இது.

சரி, கேள்வி கேட்க வேண்டியவர்கள் யார்? நாம்தான். நாம் என்ன கேட்டோம் என்று பார்க்க, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினேன். நானும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினன், ஆகவே இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. சுற்றுச்சுவர் உயர்த்த வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும். குடிநீர் இயந்திரம் பழுது. பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மாலை சிறப்பு வகுப்பும் சுண்டலும் வேண்டும். எல்லாம் நியாயமான கோரிக்கைகள், பலவும் நிறைவேறியவை. இரண்டு வருடப் பதிவேட்டில் ஓவியம், இசை, கூத்து, நாடகம் என்ற சொற்களில் ஒன்றுகூட இல்லை. நாம் கேட்கவே இல்லை, அய்யா. கேட்காத ஒன்றைத் தரவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது?

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் பேசியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. பள்ளி என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிற அட்டவணை. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால், கலைக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர், உடற்கல்விக்கு ஒருவர், தொழிற்கல்விக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கழிப்பறையும் குடிநீரும் எந்த அட்டவணையில் இருக்கின்றனவோ, அதே அட்டவணையில்தான் ஓவிய ஆசிரியரும் இருக்கிறார். கழிப்பறைக்காக நாம் உரத்துப் பேசுகிறோம். ஓவிய ஆசிரியர் என்று வந்தால் நமக்கே ஒரு கூச்சம், ஏதோ சலுகை கேட்பதுபோல.

அந்த அட்டவணையின் பேரில்தான் 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி, தோட்டக்கலை என்று பல பிரிவுகள். வாரத்தில் மூன்று அரை நாட்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அது நகர்ந்து நகர்ந்து 7,000, 7,700, 10,000, 12,500 என்று வந்தது. மே மாதம் பள்ளி இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை என்றிருந்தது. மே மாதத்தில் மட்டும் அவர்களுக்குப் பசிக்காது என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். பாதி நாள் பள்ளி, மீதி நாள் ஃபிளெக்ஸ் கடையிலோ வீட்டுச் சுவர்களில் வரைகிற வேலையிலோ இருக்கிற ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார். ஓவியத்தில் லோயர், ஹையர் இரண்டு அரசுத் தொழில்நுட்பத் தேர்விலும் தேறி, டிடிசி என்கிற ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர். பணி நிரந்தரம் கேட்டுச் சென்னைக்குப் போராட்டத்துக்குப் போவார், திரும்பி வருவார், கரும்பலகையில் மாங்காய் வரைவார். மறு வாரம் கணக்கு சார் வந்து நின்றால், மறுத்துப் பேச அவருக்கு எந்தப் பலமும் இல்லை. நிரந்தர ஆசிரியர் கேட்கும்போது, வருடா வருடம் வேலை நிலைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர் பீரியடை எப்படித் தராமல் இருப்பார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பது, பத்துக்கு அந்த அட்டவணையின் காவல் கிடையாது. பிள்ளைகளுக்கு மீசை முளைத்து, குரல் உடைந்து, கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே விசாரித்துக்கொள்கிற வயதில், நாம் அவர்கள் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி விடைக்குறிப்பைக் கொடுக்கிறோம்.

“அதான் கலைத் திருவிழா இருக்கிறதே?” என்று பின்னால் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது. 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக 200-க்கும் மேற்பட்ட போட்டிகள். முதலிடம் பெறுகிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தி களிமண் சிற்பப் போட்டிக்கு மாவட்டம் வரை போய்வந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் நடையே மாறியிருந்தது.

அவள் களிமண் பிசையக் கற்றுக்கொண்டது பள்ளியில் அல்ல. அவளுடைய தாத்தா அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்கிறவர். பள்ளி அவளைக் கண்டுபிடித்தது, அவ்வளவுதான். மேடை என்பது ஏற்கெனவே தெரிந்தவரைக் காட்டுகிற இடம். வகுப்பில் தெரியாத மீதி முப்பத்தொன்பது பேருக்குத் தெரியவைக்கிற இடம் பீரியட். மேடை வருடத்துக்கு ஒருமுறை, பீரியட் வாரத்துக்கு ஒருமுறை.

மேடையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே பாடம். கேரளப் பள்ளிக் கலோத்சவம் 1957-இல் தொடங்கியது. அடுத்த வருடம், 1958-இல், அந்த மேடையில் வாய்ப்பாட்டில் பரிசு வாங்கிய பையன் கே.ஜே. யேசுதாஸ், மிருதங்கத்தில் பரிசு வாங்கிய பையன் பி. ஜெயச்சந்திரன். பின்னாளில் மலையாளத் திரையிசையையே ஆண்ட இரண்டு குரல்களும் ஒரே பள்ளி விழாவில் கிளம்பியிருக்கின்றன. நினைத்தாலே பொறாமையாக இருக்கிறது. அங்கே பெற்றோர் கலைக்காகக் கொடுக்கிற குரல் நம்மைவிடப் பல மடங்கு உரத்தது. அதே விழாவில்தான், இரண்டாம் பரிசு வந்தால் மேல்முறையீடு, அதிலும் தோற்றால் நீதிமன்றம் என்று பெற்றோர் அலைகிற கூத்தும் வருடா வருடம் நடந்தது. பரிசுக்குப் பின்னால் கருணை மதிப்பெண் இருந்தது, அதற்குப் பின்னால் கல்லூரி இடம் இருந்தது. தனிப்பயிற்சிக்கும் ஒப்பனைக்கும் உடைக்கும் செலவு செய்ய முடிகிற வீட்டுப் பிள்ளைக்கே நடன மேடை வசப்படும் என்று அங்கேயே பலகாலமாகக் குறை சொல்கிறார்கள். என் பிள்ளைக்காக நான் எழுப்புகிற குரலும், வகுப்புக்காக நான் எழுப்புகிற குரலும் வெளியே கேட்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே வேறு வேறு.

இப்போது எங்கள் பள்ளி பேண்ட் செட் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் இன்றைக்கு வந்தேன்.

அறிவியல் ஆய்வகத்தின் மூலையில், எலும்புக்கூடு மாதிரிக்குப் பின்னால், ஒரு மர அலமாரி. ஒருநாள் பியூரெட் தேடப்போன ஆய்வக உதவியாளர் அதைத் திறந்தார். உள்ளே ஒரு பெரிய டிரம், மூன்று சைடு டிரம், இரண்டு பியூகிள். எந்தக் காலத்தில் யார் வாங்கிக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய டிரம்மின் தோல் கிழிந்து, உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. அடுத்த குழுக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது. தோல் மாற்ற டவுனுக்கு எடுத்துப்போனால் எவ்வளவு ஆகும், வண்டி வாடகை யார் தருவது என்று பேசிக்கொண்டிருந்தோம். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர், ஏழாம் வகுப்புப் பையனின் அப்பா, எழுந்து போனார். டிரம்மைத் திருப்பிப் பார்த்தார், வளையத்தைத் தட்டிக் காது கொடுத்தார். “இதுக்கு எதுக்கு சார் டவுனு, நான் பண்ணித் தர்றேன்” என்றார்.

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அவர் தொழில் ‘கூலி’ என்று இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், அவர் பறையடிக்கிறவர். கோயில் கொடைக்கும் சாவுக்கும் வாசித்தவர், கல்யாண பேண்ட் செட்டிலும் போகிறவர். இரண்டே நாளில் டிரம் தயாரானது. அப்போது நான் அவரிடம் ஒரு முட்டாள்தனமான யோசனை சொன்னேன். “அண்ணே, வாரத்துக்கு ஒரு நாள் நீங்களே வந்து பசங்களுக்குப் பறை சொல்லிக் கொடுங்களேன். உங்க பையனும் நல்லா அடிப்பானே.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அலமாரியைச் சாத்தினார். பிறகு சொன்னார்: “சார், அவன் இதை அடிக்கக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புறேன்.”

நண்பர்களே, கலைக் கல்வி பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்த ஒரு வரிக்கு என்னைத் தயார் செய்திருக்கவில்லை. கலை என்றால் எல்லோரும் ஓடிவருவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் ஊரில் சில கலைகள் மாலை போட்டு வரவேற்கப்படுகின்றன, சில கலைகள் தெருக்கோடியில் நிறுத்தப்படுகின்றன. என் மகள் பரதம் கற்றால் அது அவளுக்கு அலங்காரம். அவருடைய மகன் பறை எடுத்தால், ‘அப்பன் தொழில் மகனுக்கு’ என்று வகுப்பிலேயே ஒருவன் சொல்வான். 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு பல ஆண்டுகளாகப் பெண்கள் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியிருக்கிறது. பெருமைப்படுகிறேன். அந்தப் பெருமை எங்கள் பள்ளி வராந்தாவை வந்து சேரவில்லை என்பதும் உண்மை.

இரண்டு மாதம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். “என் பையனை மட்டும் கூப்பிடாதீங்க. மொத்த கிளாஸும் அடிக்கட்டும். பொம்பளப் புள்ளைங்களும் அடிக்கட்டும். வாத்தியார் புள்ளையும் அடிக்கட்டும். அப்ப நான் வரேன்.” பாடத்திட்ட அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த மனிதர் ஐந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டார். விருப்பமுள்ளவர்கள் மட்டும் மாலையில் இருங்கள் என்று சொல்கிற கலை மன்றம் ஒன்று. கால அட்டவணைக்குள், வருகைப் பதிவோடு, எல்லோருக்குமாக நடக்கிற பீரியட் வேறொன்று. இரண்டாவதில்தான் யாரும் யாரையும் சாதி பார்த்துப் பொறுக்க முடியாது.

அடுத்து ஓர் எச்சரிக்கை, நம்மைப் போன்று வாதாடுகிறவர்களுக்கு. ஓவியம் வரைந்தால் கணக்கு நன்றாக வரும், இசை கற்றால் மார்க் கூடும் என்று சொல்லித்தான் ஹெச்.எம். அறைக்குள் போகிறோம். நானும் அப்படித்தான் போனேன். தயவுசெய்து அந்த வாதத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் எல்லன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கலை கற்றால் மற்றப் பாடங்களில் மதிப்பெண் கூடுமா என்று அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சலித்து, 2000-இல் முடிவைச் சொன்னார்கள். அப்படிக் கூடுகிறது என்பதற்குப் பெரும்பாலும் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. கலைக்காக வாதாடுகிறவர்களுக்கே அவர்கள் மேல் கோபம் வந்தது. பிறகு அந்த இருவரும் பள்ளி ஓவிய வகுப்புகளிலேயே போய் உட்கார்ந்து, அங்கே உண்மையில் என்ன கற்கப்படுகிறது என்று கவனித்தார்கள். உற்றுப் பார்ப்பது, கண்முன் இல்லாததை மனத்தில் கொண்டுவருவது, செய்ததைத் தள்ளி நின்று பார்ப்பது, சரியாக வராதபோதும் விடாமல் உட்கார்ந்திருப்பது.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாதி மாங்காயோடு நிற்கிறார்கள். மீதிப் பாதியை முடிக்கிற பொறுமை ஒரு பாடம்தானே? கணக்குக்கு அது உதவினால் உதவட்டும், உதவாவிட்டாலும் போகட்டும். கணக்கின் வேலைக்காரியாகத்தான் ஓவியம் பள்ளிக்குள் வரலாம் என்று நாமே ஒப்புக்கொண்டால், அதைவிட மலிவான வேலைக்காரி கிடைக்கிற அன்று இதை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அமெரிக்கா என்றதும் நினைவுக்கு வருகிறது. கலிஃபோர்னியாவில் 1978-இல் சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்த உள்ளூர் வரிப்பணம் வற்றியது. வற்றியபோது முதலில் போனது இசையும் ஓவியமும். வசதியான பகுதிப் பெற்றோர் மன்றம் கூட்டி, நிதி திரட்டி, தங்கள் பள்ளி இசைக்குழுவைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகளில் வயலின்கள் பெட்டிக்குள் தூங்கின. 2022 நவம்பரில், ‘முன்மொழிவு 28’ என்ற பெயரில் அந்த மாநில மக்களே வாக்களித்து ஒரு சட்டம் செய்தார்கள். நூற்றுக்கு 64 பேர் ஆதரவு. பள்ளிக் கல்விக்கு மாநிலம் உத்தரவாதமாகத் தருகிற தொகையில் ஒரு விழுக்காடு அளவுக்கு, கூடுதலாக, கலைக்கென்றே ஒதுக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே 90 கோடி டாலருக்கு மேல். எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது: 500 மாணவருக்கு மேல் இருக்கிற இடங்களில் அந்தப் பணத்தில் 80 விழுக்காட்டை ஆட்களை நியமிக்கத்தான் செலவழிக்க வேண்டும். வண்ணப் பெட்டி வாங்கி அடுக்கிவிட்டுக் கணக்குக் காட்ட முடியாது. ஏற்கெனவே கலைக்குச் செலவழித்ததை நிறுத்திவிட்டு இதை வைத்து ஒப்பேற்றவும் கூடாது. அப்படி ஒப்பேற்றுகிறார்கள் என்று சொல்லி 2025-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தச் சட்டத்தை எழுதி முன்னின்று நிறைவேற்ற வைத்தவரும், ஒரு காலத்தில் அந்த நகரத்துப் பள்ளி நிர்வாகத்துக்கே தலைமை வகித்தவருமான ஆஸ்டின் பியூட்னரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். சட்டம் வந்த பிறகும் பெற்றோர் வீட்டுக்குப் போகவில்லை, கணக்குக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது அந்தக் குழுவின் வேலை. அதிகாரம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது, தூசி தட்டினால் போதும்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. தையல் வேலை செய்கிற ஓர் அம்மா, எட்டாம் வகுப்புப் பையனின் தாய், கூட்டத்தில் எழுந்தார். “என் புள்ள வாரத்துல ஒரு நாள்தான் நான் எழுப்பாமலே எழுந்திரிக்கிறான். அன்னைக்கு டிராயிங் பீரியட்னு நெனச்சிக்கிட்டுப் போறான். சாயங்காலம் மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு வர்றான்” என்றார். ஹெச்.எம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றைக்குத் தீர்மானம் எழுதினோம். ஓவிய பீரியடை வேறு பாடத்துக்கு எடுத்தால், எடுத்த ஆசிரியர் பதிவேட்டில் குறித்து, அதே வாரத்தில் ஒரு பீரியடைத் திருப்பித் தர வேண்டும். பறை வகுப்பு மொத்த வகுப்புக்கும், ஆண் பெண் எல்லோருக்கும். ஒன்பது, பத்தாம் வகுப்பு கால அட்டவணையிலும் கலைக்கான கட்டம் நிலைக்க வேண்டும். கலை ஆசிரியர் பணியிடத்தை நிரந்தரமாக நிரப்பும்படி மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக மேலே கோரிக்கை அனுப்ப வேண்டும். கடைசிக் கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ‘நினைவூட்டல்’ என்று எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஏழு நினைவூட்டல் ஆகிவிட்டது.

பீரியட் திருப்பித் தருகிற ஏற்பாடு பாதி நடக்கிறது, பாதி நடப்பதில்லை. மார்ச் வந்தால் எல்லாம் மறந்துபோகும். பறை வகுப்பு மட்டும் நடக்கிறது. முதல் நாள் நான் போயிருந்தேன். வேப்ப மரத்தடியில் தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார் அவர். சூட்டில் தோல் இறுகினால்தான் நாதம் வரும் என்று அவர் சொன்னதை, அறிவியல் டீச்சர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கு சாரின் மகனும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். அவனுக்குத் தாளமே பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற பையன் அவன் மணிக்கட்டைப் பிடித்து, குச்சியை எப்படித் தளர்த்திப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பையனின் அப்பாதான் வாத்தியார்.

அடுத்த குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. உங்கள் பள்ளிகளிலும் கிட்டத்தட்ட அதே நேரமாகத்தான் இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும், அது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். வந்தால் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கையெழுத்துப் போடப் பேனா கொடுப்பார்கள், அதில் பெரும்பாலும் மை இருக்காது. வீட்டிலிருந்தே ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.